'ஓவர்ரேட்டட்' சொல்றதுக்கு முன்னாடி...

போன வாரம் ஹாஸ்டல்ல கரண்ட் போன நேரம். ஒருத்தன் ப்ளூடூத் ஸ்பீக்கர்ல இளையராஜாவோட 'ஹவ் டு நேம் இட்?' ஆல்பத்தைப் போட்டான். பத்து நிமிஷத்துல சண்டை ஆரம்பிச்சுடுச்சு.

மிருதங்கம் கத்துக்கிட்டவன் சொன்னான்: "ராகத்தைத் தொட்டுட்டு பாதியில விட்டுட்டுப் போயிடறாரு." கிட்டார் வாசிக்கிறவன்: "பாக் எழுதின வயலின் பீஸ் அப்படியே வருது மச்சான். இதுக்கா இவ்ளோ பில்டப்?" மூணாவது ஆள்: "ராஜான்னா பாட்டு வேணும்டா. இது பிஜிஎம் மாதிரி இருக்கு." போட்டவன் கடுப்பாகி, "உங்களுக்கெல்லாம் டேஸ்ட்டே இல்ல"ன்னு ஸ்பீக்கரை ஆஃப் பண்ணிட்டான். மூலையில இருந்து ஒரு குரல்: "ஓவர்ரேட்டட்."

முதல் மூணு பேரோட எனக்குச் சண்டை இல்லை. கடைசி ரெண்டு பேரோடதான்.

1986-ல் வந்த ஆல்பம் இது. தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாக்குக்கும் சமர்ப்பணம். வயலின் வி.எஸ். நரசிம்மன். மிருதங்கக்காரன் சொன்னதுல விஷயம் இருக்கு. கர்நாடக சங்கீதத்துல ஒரே மெலடி, ஸ்வரம் கமகத்துல அசைஞ்சுக்கிட்டே இருக்கும். பாக் பாணியில ரெண்டு மூணு மெலடி ஒரே நேரத்துல ஓடும். அதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு பொருந்தணும்னா ஸ்வரம் ஓரளவு நிலையா நிக்கணும். ஒண்ணைக் கூட்டினா இன்னொண்ணு குறையும். நம்ம பாஷையில ட்ரேட்-ஆஃப்.

கிட்டார்காரன் சொன்னதும் உண்மை. 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்'ல பாக்கோட மூணாவது வயலின் பார்ட்டிடா நேரடியாவே வருது. ஆனா ராஜா அதை மறைக்கல, தலைப்பிலேயே சொல்லிட்டாரு. அது மேல நம்ம ஊர் பாணியில இன்னொரு வயலின் பேசுது. அந்தப் பேச்சு ஒட்டுதா இல்லையாங்கிறதுதான் கேள்வி.

'பிஜிஎம் மாதிரி'ன்னு சொன்னவனுக்கு ஒரு தகவல். 1988-ல் வந்த 'வீடு' படத்துக்கு பாலு மகேந்திரா இந்த ஆல்பத்தோட இசையைத்தான் பின்னணியா வச்சாரு. சென்னையில சொந்த வீடு கட்டப் போராடுற ஒரு பொண்ணோட கதை. இவன் குறையா சொன்னதையே அவர் பலமா எடுத்துக்கிட்டாரு. அந்தப் படம் பார்த்த பிறகு, சேலையூர், மேடவாக்கம் பக்கம் பாதியில நிக்கிற வீடுகளைப் பார்த்தா எனக்கு அந்த வயலின்தான் ஞாபகம் வருது.

பக்கத்து ரூம்ல இதே சண்டை பிங்க் ஃப்ளாய்டோட 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' பத்தி நடக்கும். 1973-ல் வந்தது. 1988 வரைக்கும் அமெரிக்க பில்போர்டு பட்டியல்ல 741 வாரம் இருந்துச்சு. அந்த 741-ஐ வச்சே வாயை அடைப்பானுங்க. எவ்வளவு காலம் பட்டியல்ல இருந்துச்சுன்னு அந்த எண் சொல்லும். எனக்கு ஏன் பிடிக்கணும்னு சொல்லாது. அதே ஆல்பத்துல 'மணி' பாட்டு ஓடும்போது, நம்ம மிருதங்கக்காரன் தொடையில தட்டி எண்ணிட்டு, "டேய், ஏழு! மிஸ்ர சாபு மாதிரி இருக்குடா"ன்னான். அதை நூறு தடவை கேட்டவனுங்களுக்கே அது புதுசு.

'ஓவர்ரேட்டட்'ங்கிற வார்த்தையில ஆல்பத்தைப் பத்தி ஒண்ணுமே இல்லை. அதை ரசிக்கிறவங்க ஏமாந்துட்டாங்கன்னு மட்டும்தான் இருக்கு. 'டேஸ்ட் இல்ல'ங்கிறதும் அதே கதைதான். ரெண்டுமே எதிர்ல இருக்கிற ஆளுக்குப் போடுற மார்க்.

இதுல அடிபடுறது யாருன்னு எனக்குத் தெரியும். ஃபர்ஸ்ட் இயர்ல ஊர்ல இருந்து வந்து இறங்கினப்போ, "உன் ஃபேவரிட் பேண்ட் எது?"ன்னு கேட்டாங்க. ஒரு டி-ஷர்ட்ல பார்த்த ஞாபகத்துல 'பிங்க் ஃப்ளாய்டு'ன்னேன். ஒரு பாட்டு கூட கேட்டதில்ல. நான் நிஜமா கேட்ட தேவா பாட்டெல்லாம் போன்ல 'மேத்ஸ் நோட்ஸ்'ங்கிற ஃபோல்டர்ல ஒளிஞ்சிருந்துச்சு. பிடிச்சதைச் சொல்லவும் பயம், பிடிக்காததைச் சொல்லவும் பயம். ஒரு செமஸ்டர் அப்படியே போச்சு.

லேப்ல அப்சர்வேஷன் இல்லாம இன்ஃபரன்ஸ் மட்டும் எழுதிட்டுப் போனா ரெக்கார்டுல கையெழுத்து விழுமா? பாட்டுக்கும் அதே ரூல் வைப்போம். எந்த ட்ராக், எந்த இடம், அங்க என்ன கேட்டுச்சு? அதைச் சொல்லிட்டு எவ்வளவு வேணும்னாலும் திட்டலாம்.

என் ரெக்கார்டு இதோ. 'ஐ மெட் பாக்...'ல ரெண்டு வயலினும் சேர்ற இடம் எனக்கு ஒட்டுது. 'மேட் மாட் மூட் ஃப்யூக்' இன்னும் பிடிபடல, கணக்கு மாதிரி இருக்கு. 'டார்க் சைட்' முழுசா 43 நிமிஷம்தான். தாம்பரத்துல லோக்கல் ஏறினா பீச் ஸ்டேஷன் வர்றதுக்குள்ள முடிஞ்சிடும். ஸ்கிப் பண்ணாம ஒரு தடவை கேட்டுட்டு வாங்க, பிடிக்கலைன்னா எந்த இடத்துலன்னு சொல்லுங்க. 'மேத்ஸ் நோட்ஸ்' ஃபோல்டர் பேரை நான் மாத்தியாச்சு.