பொதியைப் பிரித்தால் யாருக்கு வலிக்கிறது?

லினக்ஸ் வழங்கல்கள் ஒரே மென்பொருளைக் கிளையன்ட், சர்வர் என்று தனித்தனிப் பொதிகளாக உடைப்பது பழங்காலத்து மிச்சம், இனி எல்லாவற்றையும் ஒரே பொதியாகக் கொடுத்துவிடலாம் என்று பொதி பராமரிப்பவர் ஒருவர் அடித்துப் பேசுகிறார். குரலில் இருக்கும் உறுதியில் பாதியாவது சரக்கில் இருந்திருக்கலாம்.

வட்டு மலிந்துவிட்டது, சர்வர் நிரலையும் சேர்த்தால் சில மெகாபைட்தான் கூடும் என்கிறார். கூடட்டும். பிரிப்பதற்கான காரணங்களில் இடம் கடைசியானது. அதை முதலில் நிறுத்தி வீழ்த்திவிட்டு மீசை முறுக்குவதற்குப் பெயர் விவாதமா?

அவருடைய உண்மையான நம்பிக்கை அடுத்த வாதத்தில்தான் இருக்கிறது: ஓடாத சர்வர் வட்டில் சும்மா கிடந்தால் யாருக்கு என்ன கேடு? சும்மா கிடக்கும் என்று இவருக்கு யார் சொன்னது? டெபியனிலும் உபுண்டுவிலும் போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தின் சர்வர் பொதியை நிறுவினாலே தனிப் பயனர் கணக்கு முளைக்கிறது, தரவுத்தளத் தொகுதி உருவாகிறது, 5432 என்ற போர்ட்டில் சர்வர் ஓடத் தொடங்குகிறது. வேறோர் இயந்திரத்தில் இருக்கும் தரவுத்தளத்தை எட்டிப் பார்க்க பிஎஸ்க்யூஎல் என்ற கிளையன்ட் மட்டும் வேண்டும் என்று வந்தவர் எதற்காக இத்தனையையும் தலையில் கட்டிக்கொள்ள வேண்டும்? ஃபெடோராவைப் போல, நிறுவிய உடனே சேவைகளைத் தொடங்காமல் விட்டால் போயிற்று என்பார். அப்படி விட்டாலும் ஒரு கேள்வி பதிலில்லாமல் நிற்கிறது: இந்த இயந்திரத்தில் சர்வர் இருக்க வேண்டும் என்று யாராவது முடிவெடுத்தார்களா, இல்லையா? பொதிப் பட்டியல் என்பது அந்த முடிவின் பதிவு. ஓர் எடுத்துக்காட்டு: 2024 ஜூலை 1 அன்று குவாலிஸ் நிறுவனம் அறிவித்த ‘ரெக்ரெஸ்எஸ்எச்அயன்’ பாதுகாப்பு ஓட்டை, தொலைவிலிருந்து இயந்திரத்துக்குள் நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச்சின் சர்வர் நிரலில் மட்டும் இருந்தது. அன்று நூற்றுக்கணக்கான இயந்திரங்களைப் பொறுப்பில் வைத்திருந்த ஒருவர், சர்வர் பொதி எவற்றில் இருக்கிறது என்று டெபியனில் ஒரே கட்டளையில் வடிகட்டியிருக்கலாம். இவர் கனவு காணும் உலகில் எல்லா இயந்திரமும் ‘ஓப்பன்எஸ்எஸ்எச் இருக்கிறது’ என்று ஒரே பல்லவியைப் பாடும், அந்தப் பொறுப்பாளர் ஒவ்வொன்றாக உள்ளே போய்த் துழாவ வேண்டும்.

தன் இயந்திரத்தில் சர்வர் இருப்பதே தெரியாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கற்பனை தேவையில்லை. 2001 ஜனவரியில் ரேமன் புழு ரெட்ஹேட் 6.2, 7.0 இயந்திரங்களுக்குள் நுழைந்த வழிகள் கோப்புப் பரிமாற்றம், அச்சு வரிசை போன்ற சேவைகள். 2003 ஜனவரியில் எஸ்க்யூஎல் ஸ்லாமர் புழு உலகத்தையே உலுக்கியபோது, மைக்ரோசாஃப்ட் அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தத்தை வெளியிட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது. ஆனால் வேறு மென்பொருள்களோடு ஒட்டிக்கொண்டு எம்எஸ்டிஇ என்ற தரவுத்தள சர்வர் வந்து உட்கார்ந்திருப்பதே தெரியாதவர் எதற்குத் திருத்தத்தைத் தேடப் போகிறார்? இந்த வரலாறு தெரியாமல் பாதுகாப்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

பிறகு கொள்கைக்கு வருகிறார். மூல ஆசிரியர்கள் ஒன்றாக வெளியிட்டதைப் பிரிப்பது அவர்கள் நோக்கத்துக்கு விரோதமாம். ஆர்ச் லினக்ஸ்தான் அவருக்கு ஆதர்சம். ஆர்ச்சில் ஓப்பன்எஸ்எஸ்எச் ஒரே பொதிதான், சரி. அதே ஆர்ச்சில் மரியாடிபி தரவுத்தளம் சர்வர், கிளையன்ட், நூலகம் என்று மூன்றாகக் கிடக்கிறதே, பிஎஸ்க்யூஎல் சர்வர் பொதியில் இல்லாமல் நூலகப் பொதியில் இருக்கிறதே, அங்கெல்லாம் மூல ஆசிரியரின் நோக்கம் புண்படவில்லையா? ஓப்பன்எஸ்எஸ்எச் ஆசிரியர்களே 9.8 பதிப்பில் சர்வரை, இணைப்புக்குக் காத்திருக்கும் நிரல் ஒன்று, ஒவ்வோர் அமர்வையும் கவனிக்கும் நிரல் இன்னொன்று என்று பிளந்தார்கள். அது நிரலைப் பிரிப்பது, பொதியைப் பிரிப்பதல்ல என்று துள்ளிக்கொண்டு வருவார். வரட்டும். ஓர் இடத்தில் தேவையில்லாத நிரல் அந்த இடத்தில் இருக்கக்கூடாது என்ற ஒரே நியாயம்தான் இரண்டுக்கும் அடியில் இருக்கிறது.

புதியவர்கள் குழம்புகிறார்கள் என்ற அங்கலாய்ப்புக்கு நீண்ட பதில் தேவையில்லை. டெபியனில் ‘எஸ்எஸ்எச்’ என்ற பெயரிலேயே ஒரு பொதி உண்டு. அதை நிறுவினால் கிளையன்ட், சர்வர் இரண்டும் வந்துவிடும். இது தெரியாமல் பேசினாரா, தெரிந்தே முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாரா? நிரலைத் தொகுக்கும்போது தலைப்புக் கோப்புகள் கிடைக்காமல் தவிப்பதையும் நடுவில் செருகுகிறார். அந்தத் தவிப்பு நியாயமானது, நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது மேம்பாட்டுப் பொதிகளைப் பற்றிய வேறு வழக்கு. அதைக் கொண்டுவந்து இங்கே சாட்சிக் கூண்டில் ஏற்றுவது மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிற வேலை.

இவ்வளவு ஓட்டை வாதங்களை ஒருவர் ஏன் சுமக்கிறார்? பிரிப்பதில் உழைப்பு இருக்கிறது. சாவி உருவாக்கும் எஸ்எஸ்எச்-கீஜென் போன்ற பொது நிரலை எந்தப் பொதியில் வைப்பது என்று யாராவது உட்கார்ந்து யோசிக்க வேண்டும். டெபியன் அதைக் கிளையன்டோடு வைத்து, சர்வர் பொதியைக் கிளையன்டைச் சார்ந்திருக்கச் செய்தது. ஃபெடோரா மூன்றாவதாக ஒரு பொதுப் பொதியில் வைத்தது. ஒவ்வொரு பதிப்பிலும் இந்தச் சார்புகளைச் சரிபார்க்கும் பாரம் பொதி பராமரிப்பவர் தலையில்தான் விடிகிறது. தன்னார்வலர்கள் போதவில்லை, எங்களால் முடியவில்லை என்று நேராகச் சொல்லியிருந்தால் மரியாதையோடு கேட்டிருப்பேன். எந்தப் பொதிகளைப் பிரிப்பது அவசியம், எவற்றை விட்டுவிடலாம் என்று சேர்ந்தே கணக்குப் போட்டிருக்கலாம். தன் வேலை குறைய வேண்டும் என்ற ஆசைக்குப் பயனர் நலன் என்று முகமூடி மாட்டி, அந்தப் பயனரின் கையிலிருந்தே ஒரு முடிவைப் பிடுங்க வருகிறாரே, அங்கேதான் எனக்கு அவரோடு பகை.