நீர் வடியவும் வழி வேண்டும்

மேட்டூர் அணை திறக்க வேண்டிய நாள் எது என்று கேட்டால் எங்கள் ஊர்ச் சிறுவனும் ஜூன் 12 என்பான். வயலில் தேங்கிய நீர் எந்த வாய்க்காலில் இறங்கி, எந்த ஆற்றில் விழுந்து கடலைச் சேர்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பெரியவர்களே சற்றுத் தயங்குவார்கள். நீரைக் கொண்டுவரப் போராடும் நாம், அதை வெளியேற்றுவதைப் பற்றி நினைப்பதே இல்லை. காவிரிக் கடைமடை உழவனின் துன்பத்தில் பெரும்பகுதிக்கு இதுவே காரணம் என்பது என் கருத்து.

நெல் நீரில் வளரும் பயிர்தானே, அதற்கு எதற்கு வடிகால் என்று விடுதி நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான ஐயந்தான். நெல்லின் இலையிலும் தண்டிலும் காற்றறைகள் உள்ளன. இலை நீருக்கு மேல் நிற்கும்வரை அவற்றின் வழியே வேருக்குக் காற்று இறங்குகிறது. இலை நுனியும் மூழ்கிவிட்டால் காற்று இல்லை; கலங்கல் நீரில் வெளிச்சமும் இல்லை. சேர்த்து வைத்த சத்தைக் கொண்டு சில நாள் தாக்குப்பிடிக்கும், பிறகு அழுகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையின்போது சம்பா இளம் பயிராக இருக்கும். தாளடி அதைவிட இளசு. முழுதும் மூழ்காவிட்டாலும் இழப்பு உண்டு. தூர் கட்டும் பருவத்தில் நீர் உயர்ந்து நின்றால் பக்கத் தூர்கள் வெடிப்பதில்லை. மேலுரமாக இட்ட யூரியா வரப்பைத் தாண்டிப் போய்விடும். (எங்கள் உரத்தில் அடுத்த வயல் பச்சை கட்டி நின்றதை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன்.) அறுவடைக்குச் சில நாள் முன்னதாகத் தாளுக்குள் தெளிக்கும் உளுந்துக்கு ஈரம் வேண்டும்; நீர் நின்றாலோ விதையே அழுகிவிடும்.

2008 நவம்பரில் நிஷா புயல் மழை வயல்களை ஏரிகளாக்கியது. 2021 சனவரியிலும் 2023 பிப்ரவரியிலும் பருவம் தப்பிய மழையில் அறுவடைக்கு நின்ற கதிர்கள் சாய்ந்தன. மழையை நம்மால் தடுக்க இயலாது. ஆனால் பெய்த நீர் இரண்டு நாளில் வடிகிறதா, பத்து நாளில் வடிகிறதா என்பது மனிதர் கையில் இருக்கிறது அன்றோ?

வெண்ணாற்றுப் பகுதியில் அரிச்சந்திரா நதி, அடப்பாறு, பாண்டவையாறு போன்றவை மேலே பாசன ஆறுகள். கீழே அவையே வடிகால்கள். நிலமோ சரிவற்றது. கடல் ஏற்றத்தின்போது முகத்துவாரத்தில் நீர் இறங்க மறுக்கிறது. போதாக்குறைக்கு வெங்காயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அடைத்துக்கொள்கின்றன. இவ்வளவும் சொல்லிவிட்டு ஓர் உண்மையை மறைப்பது நேர்மையாகாது. வடிவாய்க்காலை இருபுறமும் கொஞ்சங் கொஞ்சமாக வெட்டி வயலோடு சேர்த்துக்கொண்டவர்கள் யார்? நாம்தான். என் வீட்டாரும் விலக்கல்லர். என் பாட்டனார் காலத்தில் மாட்டைக் குளிப்பாட்டிய வடிகாலை இன்று நான் ஒரே தாவில் தாண்டுகிறேன்.

அதன் பலனையும் கண்டோம். ஓர் அடைமழை இரவில், எங்கள் பயிரைக் காப்பாற்ற அப்பா கீழ்வரப்பை வெட்டிவிட்டார். நீர் முழுதும் கீழ்வயலில் இறங்கியது. அந்த வயல்காரரை நான் சித்தப்பா என்றே அழைத்து வளர்ந்தவன். விடிந்ததும் அவர் மண்வெட்டியோடு வந்து நின்றார், ஒன்றும் பேசவில்லை. அந்தத் தைப் பொங்கலுக்கு அவர் வீட்டுப் பொங்கல் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. வடிகால் அதன் பழைய அகலத்தில் இருந்திருந்தால் இரு வயல்களும் பிழைத்திருக்கும்.

வெள்ளத்தைத் தாங்கும் சி.ஆர். 1009 சப்-1 வந்துவிட்டதே என்பர் சிலர். இரண்டு வாரம்வரை மூழ்கினாலும் மீண்டெழும் நல்ல இரகம்தான். ஆனால் முற்றிய கதிர் நீரில் சாய்ந்தால் அதனாலும் பயனில்லை. நீரையெல்லாம் வடித்துவிட்டால் கோடையில் என்ன செய்வது என்று என் ஆசிரியர் ஒருவர் கேட்டார். சரியான கேள்வி. வடிகால் வாயில் பலகை போட்டு, வேண்டும்போது தேக்கி, வேண்டாதபோது திறக்கலாம். தூர்வாருவதை மட்டும் கீழிருந்து மேலாகச் செய்ய வேண்டும். மேலே அகலப்படுத்திவிட்டுக் கீழே அடைத்து வைத்தால் கடைசி ஊர்தான் மூழ்கும்.

நம் நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஆண்டுதோறும் கோயில் வளாகத்தைத் துப்புரவு செய்கிறோம், மரக்கன்று நடுகிறோம். இம்முறை ஒரு வடிவாய்க்காலை அது ஆற்றில் விழும் இடத்திலிருந்து தலைப்புவரை நடந்து அளப்போமா? கிராம நில வரைபடத்தில் உள்ள அகலத்தையும் இன்று நிலத்தில் உள்ள அகலத்தையும் அருகருகே எழுதி ஊராட்சியிடம் கொடுப்போம். பங்குனியில் அறுவடை முடிந்து வாய்க்கால் காய்ந்து கிடக்கும். நடப்பதற்குச் சிரமம் இராது. முதல் அளவை எங்கள் வயலோரத்திலேயே எடுக்கலாம். அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்; அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.