கூடிப்போன 400 கிராம்

ரிமோட் கார் வாங்கித் தந்தால், பிள்ளைகள் அன்றைக்கே வீடெல்லாம் ஓட்டிவிடுவார்கள். ரிமோட் விமானம் அப்படியல்ல. அதிலும் வீட்டிலேயே செய்வது என்றால் ஃபோம் போர்டு வெட்டி, ஒட்டி, மோட்டார் பொருத்தி முடிக்க ஒன்றிரண்டு மாதம் ஓடிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை குடும்பமே மைதானத்தில் கூடி நிற்கும். கையிலிருந்து கிளம்பிய விமானம் பத்தாவது விநாடியில் மூக்கால் மண்ணைக் குத்தும்.

“காத்து அடிச்சிடுச்சு”, “சிக்னல் போயிடுச்சு” என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பல நேரங்களில் உண்மையான குற்றவாளி எடைதான்.

இந்த எடை ஒரே நாளில் ஏறுவதில்லை. உடையக் கூடாதே என்று இன்னும் கொஞ்சம் பசை. அழகாக இருக்கட்டும் என்று இரண்டு கோட் பெயின்ட். அதிக நேரம் பறக்கட்டும் என்று பெரிய பேட்டரி. தங்கைக்காக ஒரு குட்டி பைலட் பொம்மை. எல்லாமே ஆசையில் சேர்த்தவை. ஆனால், 900 கிராம் இருக்க வேண்டியது 1,300 கிராம் ஆகிவிடுகிறது.

வால் பக்கம் சேரும் எடை இன்னும் மோசம். விமானம் சமநிலையில் நிற்கும் புள்ளியிலிருந்து வால் 60 செ.மீ. தூரத்திலும் மூக்கு 20 செ.மீ. தூரத்திலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வாலில் 10 கிராம் பசை கூடினால், அதைச் சரிக்கட்ட மூக்கில் 30 கிராம் வைக்க வேண்டும். 10 கிராம் தப்புக்கு மொத்தம் 40 கிராம் தண்டம்!

“பெரிய மோட்டார் போட்டால் போதாதா?” என்று கேட்கலாம். மோட்டார் இழுத்துக்கொண்டு போகும். ஆனால், தாங்குவது இறக்கைதான். ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு குறைந்தபட்ச வேகம் உண்டு. அதற்குக் கீழே போனால் இறக்கை தாங்காது. இதைத்தான் ‘ஸ்டால்’ என்கிறார்கள். 900 கிராமில் அந்த வேகம் மணிக்கு 25 கி.மீ. என்றால், 1,300 கிராமில் 30 ஆகிவிடும். 45 டிகிரி சாய்ந்து, உயரம் குறையாமல் திரும்பும்போது கிட்டத்தட்ட 36. முதல் திருப்பத்திலேயே பல விமானங்கள் விழுவது இதனால்தான்.

விமானம் தாழ்கிறது என்றதும் நம் கை தானாகவே மூக்கை மேலே தூக்கப் பார்க்கும். அங்கேதான் கதை முடிகிறது. தூக்கத் தூக்க வேகம் இன்னும் குறையும், ஒரு பக்க இறக்கை சரியும், விமானம் சுழன்று விழும். மூக்கைச் சற்றுத் தாழ்த்தி, வேகத்தைக் கூட்டி, இறக்கையை மட்டப்படுத்துவதே சரியான வழி. அதற்கும் கீழே கொஞ்சம் உயரம் மிச்சம் இருக்க வேண்டும்.

இந்தப் பாடத்தைப் பெரிய மனிதர்களும் படித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தலைவராக இருந்த சாமுவேல் லாங்லி செய்த ஆளில்லா மாதிரி விமானம், 1896 மே 6 அன்று போடோமாக் ஆற்றின்மேல் சுமார் ஒரு கிலோமீட்டர் பறந்தது. ராணுவத் துறை 50,000 டாலர் கொடுக்க, ஆள் ஏறும் அளவுக்குப் பெரிதாகச் செய்தார். நீள, அகல, உயரத்தை இரட்டிப்பாக்கினால் இறக்கையின் பரப்பு 4 மடங்குதான் கூடும். எடையோ 8 மடங்கு ஆகும். 1903 அக்டோபரில் ஒரு முறை, டிசம்பர் 8 அன்று மறுமுறை. இரண்டு தடவையும் கிளம்பிய உடனே ஆற்றில் விழுந்தது. சுமைக்கு ஏற்ற வலு அதன் சட்டகத்தில் இல்லை என்பது முக்கியமான காரணங்களில் ஒன்று. உள்ளே இருந்த சார்லஸ் மேன்லி நல்லவேளையாகப் பிழைத்தார். ஒன்பதே நாளில் ரைட் சகோதரர்கள் பறந்துவிட்டார்கள். அதற்கு முன்பு மூன்று ஆண்டுகள் எஞ்சின் இல்லாத கிளைடர்களில் பழகியவர்கள் அவர்கள்.

நாமும் அதையே செய்யலாம். ஒவ்வொரு பாகத்தையும் ஒட்டுவதற்கு முன்பு சமையலறைத் தராசில் நிறுத்து, நோட்டில் எழுதுங்கள். முடிந்ததும் மோட்டாரை ஓட்டாமல், உயரமாகப் புல் வளர்ந்த இடத்தில் மெதுவாக எறிந்து பாருங்கள். கல் மாதிரி விழுந்தால் அன்றைக்கு மோட்டார் வேண்டாம். சுழலும் புரொப்பல்லரோடு ஒரு கிலோ விமானம் யார் தலையில் விழுந்தாலும் ஆபத்து. குழந்தைகளைப் பின்னால் தள்ளி நிறுத்துங்கள். விமான நிலையம் பக்கமே போகாதீர்கள்.

அப்படியும் விழுந்துவிட்டதா? முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். அது நசுங்கியோ உப்பியோ இருந்தால் மறுபடி சார்ஜ் போடவே கூடாது, தீப்பிடிக்கலாம். மோட்டாரும் ரிசீவரும் பெரும்பாலும் தப்பித்துவிடும். ஃபோமுக்கு ஆகும் செலவு கொஞ்சம்தான்.

அழுது நிற்கும் பிள்ளையிடம் “அப்பவே சொன்னேனே” என்று மட்டும் சொல்லாதீர்கள். உடைந்த துண்டுகளையும் தராசையும் அதன் கையில் கொடுங்கள். அடுத்த விமானத்தில் எதை விடலாம், எதை வைக்கலாம் என்று அதுவே முடிவு செய்யட்டும். பைலட் பொம்மை வேண்டுமா என்பதை மட்டும் தங்கையிடம் கேட்டுவிடுவது நல்லது!