சாளையின் நெய்யும் குடியானவரின் உரமும்

கடற்கரைத் தாலுகாக்களில் உலர்ந்த சாளையைத் தென்னைக்கு உரமாக இடுவது பழைய வழக்கம். வாங்குகிற மிராசுதார் விசாரிப்பது விலையும் எடையுமே. மீன் எப்பருவத்தில் பிடிபட்டது, முட்டையிட்டதா இல்லையா என்று கேட்பவர் அரியர். இதனால் நிலத்திற்கும் நஷ்டம், கடலுக்கும் நஷ்டம்.

தூத்துக்குடியில் பேச்சாளை என்றும் மலையாளக் கரையில் மத்தி என்றும் வழங்கும் மீனின் உடலில் நெய் வருஷம் முழுதும் ஒரே அளவாய் இராது. மலையாளக் கரையில் அது தென்மேற்குப் பருவமழையின்போது முட்டையிடும்; அப்பொழுது நெய் வெகுவாகக் குறைந்திருக்கும். மழை ஓய்ந்து நுண்பாசி பெருகியபின், ஐப்பசி முதல் தை வரையில் மீண்டும் கொழுக்கும்.

இக்கொழுப்பு முழுவதையும் மீன் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை. கடல்மீனுக்கு இன்றியமையாத ஒமேகா-3 கொழுப்பமிலங்களைப் பெரும்பாலும் நீரில் மிதக்கும் நுண்பாசிகளே உண்டாக்குகின்றன. அப்பாசியையும், அதை மேயும் சிறு ஜந்துக்களையும் மத்தி செவுளால் வடித்து உண்கிறது. உண்ட கொழுப்பில் ஒரு பங்கு நீந்துவதற்குச் செலவாகும். ஒரு பங்கு கண்ணும் மூளையுமாக வளரும். மிகுதி குடலைச் சுற்றியும் தோலின் அடியிலும் சேமிப்பாகும். முட்டை திரளும் காலத்தில் இச்சேமிப்பே கரைந்து சினைக்குச் செல்கிறது. வெளிவந்த குஞ்சு இரை தேடத் தொடங்கும்வரை அதுவே அதற்குக் கட்டுச்சோறு. பதரை விதைத்து நாற்றை எதிர்பார்ப்பவர் எவருமிலர். மெலிந்த தாய்மீனிடத்தும் அவ்வாறே.

மத்தி ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் வளர்ந்த பின்னரே முட்டையிடும். அதற்குமுன் பிடிபட்டது, தின்ற ஆகாரத்திற்கு ஒரு குஞ்சும் ஈயாமல் மாண்ட மீன். கேரள அரசாங்கம் 10 சென்டிமீட்டரை எல்லையாக வைத்திருப்பது நல்லதே, ஆயினும் போதாது. அக்கரையில் 2012-ஆம் வருஷம் சுமார் 3.9 லட்சம் டன் கிடைத்த மத்தி, 2021-இல் 3,300 டன்னளவுக்கு இறங்கிற்று. கடலின் வெப்பமும் பாசியின் வரத்தும் மனிதர் வசத்தில் இல்லை; குஞ்சை விடுவது வசத்தில் உண்டு. தூத்துக்குடியிலோ 1961-க்குப் பின் முத்துக்குளிப்பே நடைபெறவில்லை. சாளையும் அவ்வழியே போகலாமா?

உரத்தைப் பற்றிய மட்டில், நெய்யினால் பயிருக்கு யாதொரு பயனுமில்லை. நைட்ரஜன் சதையிலும், பாஸ்பரஸ் பெரும்பாலும் முள்ளிலும் உள்ளன. நெய் மிகுந்த மீன் மண்ணில் மக்கத் தாமதிக்கும்; நாயும் நரியும் தோண்டிப் போடும். 1907-இல் தொடங்கிய சென்னை மாகாண மீன் இலாகாவை நடத்திய சர் பிரெடெரிக் நிக்கல்சன், மத்தியை வேகவைத்துப் பிழிந்து, எண்ணெயைத் தனியே விற்று, சக்கையை உரமாக்கும் முறையை மலையாளக் கரையில் பரப்பினார். அதன் நியாயம் இன்றும் மாறவில்லை.

கீழைக்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு விதிக்கப்படும் 61 நாள் தடையைப் பரதவர் காரியம் என்று கிராம உத்தியோகஸ்தர் ஒதுக்குதல் தகாது. வாங்குவோரும் மூட்டையை அவிழ்த்துப் பார்த்து, விரல் நீள மீனே நிறைந்திருப்பின் திருப்பிவிடுக. பிழிந்த சக்கை கிடையாத ஊரில் அவ்வருஷம் தென்னைக்கு வேப்பம்பிண்ணாக்கு இடலாம்.