பொத்தானை அமுக்கப் போகிறவர் யார்?

2021-ம் ஆண்டு ஜூன் 27-ந் தேதி. நள்ளிரவு தாண்டி மணி ஒன்றரை. ஜம்மு விமானப்படைத் தளத்தில் 'டமார்' என்று குண்டு வெடித்தது. சில நிமிஷத்தில் இன்னொன்று! ஒன்று கட்டடக் கூரையைப் பிய்த்தது. மற்றது வெட்டவெளியில் விழுந்தது. படையினர் 2 பேருக்கு லேசான காயம்.

வேலி தாண்டி ஒருவனும் உள்ளே வரவில்லை. வந்தது 'டிரோன்' என்கிற ஆளில்லாக் குட்டி விமானம்!

நாலே வருஷத்தில் நிலைமை எங்கே போய்விட்டது பாருங்கள். 2025 மே மாதம் பாகிஸ்தானுடன் மோதல் மூண்டபோது, ஒரே ராத்திரியில் 36 இடங்களைக் குறிவைத்து 300 முதல் 400 டிரோன்கள் வந்தன என்று அரசாங்கமே சொன்னது. பலவற்றை நமது படையினர் வீழ்த்தினார்கள். ஆனாலும் அந்த மோதலில் உதம்பூர் விமானத் தளத்தில் மருத்துவ உதவியாளராக இருந்த விமானப்படை வீரர் ஒருவர் பலியானார்.

உடனே கிளம்பும் பேச்சு என்ன? ரேடார் வாங்கு, பீரங்கி வாங்கு! வாங்கட்டும், யார் வேண்டாம் என்றது? அதன் முன்னால் உட்காரப் போகிற ஆள் யார் என்பதுதான் கேள்வி.

டிரோன் சின்னது. தாழப் பறக்கும். திரையில் தெரிவது பருந்தா, டிரோனா என்று சட்டென்று பிடிபடாது. ரேடியோ அலையைக் குழப்பி விழவைக்கலாம் என்றால், உக்ரைன் சண்டையில் நூல் மாதிரி கண்ணாடி இழையை இழுத்துக்கொண்டு பறக்கும் டிரோன் வந்துவிட்டது. அதற்கு ரேடியோவே தேவையில்லை! சுட்டுத்தான் தள்ளவேண்டும்.

அவசரத்தில் ஆள் மாறிச் சுட்டால்? சுட்டிருக்கிறார்கள். 2019 பிப்ரவரி 27-ந் தேதி, பாகிஸ்தான் விமானங்கள் வந்து மோதிய அதே காலையில், காஷ்மீர் பட்காமில் நம்முடைய ஹெலிகாப்டரை நம்முடைய ஏவுகணையே அடித்து வீழ்த்தியது. விமானப்படையினர் 6 பேரும், கீழே இருந்த பொதுஜனம் ஒருவரும் மாண்டார்கள். இது நமது பெரிய தவறுதான் என்று அப்போதைய விமானப்படைத் தளபதி பதௌரியா அந்த அக்டோபரில் ஒப்புக்கொண்டார். ஏவுகணை என்னவோ குறி தப்பவில்லை!

விமானப்படை சும்மா இருந்துவிடவில்லை. ஆயுதங்களை இயக்கும் அதிகாரிகளுக்கென்று 2022 அக்டோபரில் தனிப் பிரிவு அறிவித்தது. 2024 ஜூலையில் ஐதராபாத் பேகம்பேட்டையில் அதற்குப் பள்ளிக்கூடமும் திறந்தது. பலே! ஆனால் அது அதிகாரிகளுக்கு. ராத்திரி இரண்டு மணிக்குக் கண்விழித்து வானத்தைப் பார்க்கிற சாதாரண வீரருக்கும் இதுவே முழுநேர உத்தியோகம் ஆகவேண்டாமா?

நீர்மூழ்கிக் கப்பலுக்குத் தனி ஆள், தனிப் பயிற்சி, தனிப் படி என்று கடற்படை வைத்திருக்கிறதே, அதேபோல இதற்கும் வேண்டும். நாலு நாள் வகுப்பு எடுத்து, மற்ற வேலையோடு இதையும் பார்த்துக்கொள் என்றால் உதவாது. தொழில் பழகிய கையோடு இடமாற்றம் என்றால் அதுவும் உதவாது. இருட்டில் நிஜ டிரோனைப் பறக்கவிட்டு, நம் விமானமும் கூடவே பறக்கும்போது எது எவருடையது என்று பிரித்துச் சொல்லப் பழக்கவேண்டும்.

எல்லையோரத் தளங்களுக்கு மட்டும் போதும் என்று கணக்குப் போடவும் முடியாது. 2025 ஜூன் 1-ந் தேதி உக்ரைன் 117 டிரோன்களை லாரிகளில் ஒளித்துக் கொண்டுபோய், 4 ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் சைபீரியாவில் இருந்த தளம் உள்பட ரஷிய விமானத் தளங்களில் குண்டுவீச்சு விமானங்களைக் கொளுத்தியது. இறக்கைமேல் பழைய டயர்களை அடுக்கிக்கூடப் பார்த்தவர்கள் ரஷியர்கள்!

36 ரபேல் விமானங்களுக்கு 2016-ல் போட்ட ஒப்பந்தம் சுமார் 59 ஆயிரம் கோடி ரூபாய். அவற்றுக்குக் காவல் நிற்கிறவர்களின் பயிற்சிக்குக் காசு இல்லை என்று பாதுகாப்பு இலாகா சொல்லமுடியாது.