தோன்றா எழுவாய்

அண்மையில் இலக்கிய நண்பர்கள் சிலர் கூடியிருந்த இடத்தில் அன்பர் ஒருவர் உரத்த குரலில் ஒரு தீர்ப்பு வழங்கினார். தொலைக்காட்சியில் கோமாளி வேடம் கட்டியவர்கள் திரைப்படம் இயக்கக் கிளம்பியதுதான் அக்கலையைப் பிடித்த பீடை என்பது அவருடைய தீர்ப்பு. சான்றாக அவர் இழுத்து நிறுத்தியது அமெரிக்காவின் பென்னி மார்ஷல் அம்மையாரை. “அவர் படங்கள் ஓடின, மறுக்கவில்லை, ஓட்டியவர்கள் நடிகர்கள். அம்மையாருக்கு வாய்த்தது அண்ணன் தயவு” என்றார். கூட்டம் தலையசைத்தது. நான் தலையசைக்கவில்லை. நஹ்வு நடத்திப் பிழைக்கும் உஸ்தாதுக்கு அமெரிக்கச் சினிமாவில் என்ன வேலை என்று கேட்பாரும் உளர். ஒரு வினையைச் செய்தவன் யார் என்று தேடுவதே எங்கள் வேலை, ஐயா! அதனால்தான் இவ்வழக்கில் வாய் திறக்கிறேன்.

முதலில் அண்ணன் கதையை முடித்துவிடுவோம். 1943-இல் நியூயார்க்கில் பிறந்த பென்னியின் அண்ணன் காரி மார்ஷல், ‘ஹாப்பி டேஸ்’ என்ற புகழ்பெற்ற தொடரைப் படைத்தவர். அதில் சிறு வேடத்தில் தோன்றிய லாவெர்ன் என்ற பாத்திரம் மக்களுக்குப் பிடித்துப்போகவே, 1976-இல் ‘லாவெர்ன் அண்டு ஷெர்லி’ என்ற தனித்தொடர் பிறந்தது. மில்வாக்கி நகரில் மதுவடிப்பாலை ஒன்றில் புட்டிகளோடு மாரடிக்கும் இரு ஏழைப் பெண்களின் கதை. கதவைத் திறந்துவிட்டவர் அண்ணன்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திறந்த கதவுக்குள் எட்டுப் பருவங்கள், 178 பகுதிகள் நிலைத்து நிற்பதற்கு அண்ணன் போதுமா? இரண்டு ஆண்டுகள் அந்நாட்டிலேயே மிகுதியாகப் பார்க்கப்பட்ட தொடராக அது இருந்தது. தயவு வேலை வாங்கித் தரும். கோடிக்கணக்கான அந்நியரை வாரந்தோறும் சிரிக்க வைக்குமா?

அந்தத் தொடர் எடுக்கப்பட்ட முறையை அன்பர் அறியார் போலும். அரங்கில் உயிருள்ள பார்வையாளர் அமர்ந்திருப்பர். பல படப்பிடிப்புக் கருவிகள் ஒரே வேளையில் சுழலும். சிரிப்பு எங்கே எழும், எவ்வளவு நேரம் நிற்கும், அடுத்த சொல்லை எப்போது விடவேண்டும், உடன் நடிப்பவர் தடுமாறினால் எப்படித் தாங்குவது என்பதையெல்லாம் உடம்பே அறிந்திருக்க வேண்டும். அரை நொடி பிந்தினால் அரங்கம் ஊமையாகிவிடும். ஏழு ஆண்டுகள் வாரந்தோறும் இத்தேர்வை எழுதியவர் அம்மையார்; அதே தொடரில் சில பகுதிகளைத் தாமே இயக்கியும் பழகினார். இதைக் கோமாளித்தனம் என்று கழிப்பவர், பஸராவின் ஜாஹிழையும் கழிக்கவேண்டி வரும். கருமிகளைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்க நூலெழுதிய அப்பேரறிஞரை அரபு உரைநடையின் தலைமக்களுள் ஒருவராக இன்றும் ஓதுகிறோமே, எதற்காக?

1986-இல் அம்மையாரின் முதற்படம் ‘ஜம்பிங் ஜாக் ஃபிளாஷ்’ வந்தது. வேறொருவர் தொடங்கி விட்டுப்போன படப்பிடிப்பை இடையில் ஏற்றது அது. அதைப் பெரிதாகப் பாராட்ட எனக்கு மனமில்லை. 1988-இல் வந்த ‘பிக்’தான் என் வழக்கின் முதற்சாட்சி. பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் ஓரிரவில் முப்பது வயது ஆணாகிவிடுகிறான். உள்ளம் மட்டும் சிறுவனாகவே இருக்கிறது. டாம் ஹாங்ஸ் அவ்வேடத்தில் அழியாப் புகழ் பெற்றார். அப்புகழ் எப்படி விளைந்தது? பெரியவனுக்குரிய காட்சிகளை முதலில் சிறுவன் டேவிட் மோஸ்கோவைக் கொண்டே நடிக்கச் செய்தார் அம்மையார். சிறுவன் எப்படித் தோளைத் தொங்கவிடுகிறான், எப்படி நடக்கிறான், எங்கே திகைக்கிறான் என்று பார்த்து, ஹாங்ஸ் அதன்வழியே நடித்தார். மாணவன் நன்றாக ஓதினால் மாணவனை மெச்சுவோம், சரி; பாடம் சொன்னவரை மறந்துவிடுவதா?

அமெரிக்காவில் மட்டும் 10 கோடி டாலருக்கு மேல் ஈட்டிய அப்படம், ஒரு பெண் இயக்கி அவ்வெல்லையைக் கடந்த முதற்படம். ஆஸ்கார் பரிந்துரைப் பட்டியல் வெளியாயிற்று. நடித்த ஹாங்ஸின் பெயர் இருந்தது. கதை வசனம் எழுதிய இருவரின் பெயர்கள் இருந்தன. இயக்கியவர் பெயர் இல்லை.

இவ்விடத்தில் என் தொழில் குறுக்கிடுகிறது, பொறுத்தருள்க. ‘ளரப ஸைதுன் அம்ரன்’, ஸைது அம்ரை அடித்தான் என்பது மதரஸாவின் முதல் வகுப்புப் பாடம். அதையே ‘ளுரிப அம்ருன்’, அம்ரு அடிக்கப்பட்டான் என்று மாற்றினால் ஸைது வாக்கியத்தை விட்டே போய்விடுகிறான். செயப்படுபொருளாய்க் கிடந்த அம்ரு எழுந்து, எழுவாயின் நாற்காலியில் அமர்ந்துகொள்கிறான். அவனுக்கு ‘நாஇபுல் ஃபாஇல்’, செய்தவனின் பதிலாள் என்று பட்டமும் கிடைக்கிறது. வினைக்கோ ‘மஜ்ஹூல்’, அறியப்படாதது என்று பெயர். ஆனால் செய்தவன் இல்லாமல் செயல் உண்டு என்று எந்த நஹ்வுக்காரரும் சொன்னதில்லை. நம் தமிழ் இலக்கணத்திலும் தோன்றா எழுவாய் உண்டு. அது தோன்றாததேயன்றி இல்லாததன்று. செய்தவனை வாக்கியத்திலிருந்து நீக்குவதற்குரிய காரணங்களையும் இலக்கணிகள் அடுக்கியிருக்கிறார்கள். அவன் எல்லாரும் அறிந்தவனாயிருத்தல் ஒன்று; யாரும் அறியாதவனாயிருத்தல் ஒன்று; அவனுக்கு அஞ்சுதல் ஒன்று. அவனை இழிவாகக் கருதுதலும் ஒன்று. பென்னி மார்ஷலின் பெயர் விடுபட்டதற்கு இவற்றுள் எது காரணம்? அன்பரே சொல்லட்டும்.

1990-இல் ‘அவேக்கனிங்ஸ்’ வந்தது. ஆலிவர் சாக்ஸ் என்ற மருத்துவர் 1973-இல் எழுதிய நூலின் வழிவந்த படம். முதல் உலகப் போரை ஒட்டிப் பரவிய ஒருவகை மூளை அழற்சிக்கு ஆளாகிப் பல பத்தாண்டுகள் சிலைபோல் உறைந்து கிடந்த நோயாளிகள், 1969-இல் எல்-டோபா மருந்தினால் விழித்தெழுகிறார்கள்; பிறகு மெல்ல மெல்லப் பழைய உறைவுக்கே திரும்புகிறார்கள். அசையாதிருக்கும் நோயாளியை நோக்கிப் பந்தை எறிகிறார் மருத்துவர். கை தானாக எழுந்து பந்தைப் பிடிக்கிறது. அரங்கில் ஒரு மூச்சு எழுந்து அடங்கும் காட்சி அது.

மருத்துவராக நடித்தவர் ராபின் வில்லியம்ஸ். அவரும் ‘ஹாப்பி டேஸ்’ தொடரில் வேற்றுலக மனிதனாகத் துள்ளிக் குதித்துப் புகழ்பெற்ற சிரிப்பு நடிகர். நில் என்றால் நிற்காத அந்த மனிதரைக் கூச்சமுள்ள, எதிரே நிற்பவர் கண்ணை நேராகப் பார்க்கத் தயங்கும் மருத்துவராக அடக்கி வைத்திருக்கிறார் அம்மையார். சிரிப்பு எங்கே பிறக்கும் என்று உடம்பால் அறிந்தவருக்கே, அதை எங்கே பிறக்கவிடாமல் நிறுத்துவது என்பதும் தெரியும். இந்த ஒரு வேடத்துக்காகவே அவருடைய தொலைக்காட்சி ஆண்டுகள் அனைத்தையும் போற்றுவேன்.

அப்படம் சிறந்த படத்துக்குப் பரிந்துரை பெற்றது. நோயாளியாக நடித்த ராபர்ட் டி நீரோ பெற்றார். திரைக்கதை பெற்றது. இயக்கியவருக்கு மீண்டும் இல்லை. ஐந்து படங்களுள் ‘கோஸ்ட்’ படத்தை இயக்கிய ஆடவரும் அவ்வாண்டு விடுபட்டார் என்று அன்பர் எழுந்து சொல்லலாம். உண்மை, மறைக்கமாட்டேன். ஆனால் அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு ராண்டா ஹெய்ன்ஸ் இயக்கிய ‘சில்ட்ரன் ஆஃப் எ லெசர் காட்’ சிறந்த படப் பட்டியலில் இருந்தது, நடிகைக்கு விருதே கிடைத்தது, இயக்குநர் இல்லை. அடுத்த ஆண்டு பார்பரா ஸ்ட்ரைசாண்ட் இயக்கிய ‘தி பிரின்ஸ் ஆஃப் டைட்ஸ்’ பட்டியலில் இருந்தது, நடிகர் இருந்தார், இயக்குநர் இல்லை. ஒருமுறை நேர்ந்தால் தற்செயல் என்று விடலாம். ஆறு ஆண்டுகளுக்குள் பெண்கள் இயக்கிய மூன்று படங்களுக்கும் எழுவாயே இல்லாமற் போனால், அதை இலக்கணப்பிழை என்பதா, மனப்பிழை என்பதா? அதுவரை அப்பரிந்துரையைப் பெற்ற பெண், இத்தாலியின் லீனா வெர்ட்முல்லர் ஒருவரே. விருதையே ஒரு பெண் பெறுவதற்கு 2010-ஆம் ஆண்டு பிறக்கவேண்டியிருந்தது. பெற்றவர் கேத்ரின் பிகலோ.

‘ஹாப்பி டேஸ்’ வீட்டிலிருந்தே இயக்கத்துக்கு வந்த இன்னொருவர் ரான் ஹோவர்ட். குழந்தைப் பருவம் முதல் தொலைக்காட்சியில் வளர்ந்தவர். 2002-இல் ‘எ பியூட்டிஃபுல் மைண்ட்’ படத்துக்காகச் சிறந்த இயக்குநர் விருது பெற்றார். தகுதியானவர், எனக்கு அவர்மீது வழக்கில்லை. தொலைக்காட்சி நடிகர் இயக்கினால் பீடை என்ற விதி அவரிடம் ஏன் செல்லவில்லை என்பதே என் கேள்வி.

1992-இல் ‘எ லீக் ஆஃப் தெயர் ஓன்’. போர்க்காலத்தில் 1943-இல் தொடங்கி 1954 வரை நடந்த பெண்கள் பேஸ்பால் அணிகளின் கதை. நாடே மறந்துவிட்ட அப்பெண்களைத் திரும்ப நினைவுக்குக் கொண்டுவந்தது அது; இதுவும் 10 கோடி டாலரைத் தாண்டியது. 2012-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்கவேண்டிய படங்களின் பதிவேட்டில் அதைச் சேர்த்தது. 1994-இன் ‘ரினைசான்ஸ் மேன்’ படுத்துவிட்டது. அதற்காக நான் வாதாடப் போவதில்லை. எல்லாப் பாட்டும் நன்றாயமைந்த புலவன் எவன்?

2018 டிசம்பர் 17-இல் அம்மையார் மறைந்தபோது, ‘லாவெர்ன்’ நடிகையும் இயக்குநருமானவர் காலமானார் என்ற பாங்கிலேயே பல செய்திகள் வந்தன. ‘வாவ்’ என்ற இணைப்பெழுத்து சேர்ப்பதற்கே, முன்பின் வரிசை சொல்வதற்கன்று என்று நஹ்வில் ஒரு விதி உண்டு. அந்த விதியின் பேரில் அச்செய்திகளைப் பொறுத்துக்கொண்டேன். ‘ஓட்டியவர்கள் நடிகர்கள்’ என்ற அன்பரின் சொல்லைப் பொறுத்துக்கொள்ள எந்தக் கிதாபிலும் எனக்கு விதி அகப்படவில்லை.