பழைய பெட்டியும் புதிய பெட்டியும்

நமது வீட்டுக் கம்ப்யூட்டர் 2014-இல் வாங்கியது. மனிதக் கணக்கில் அது இன்னும் பாலப் பருவம். கம்ப்யூட்டர் கணக்கிலோ சதாபிஷேகத்துக்குச் சமீபமான வயது. காலையில் விசையைத் தட்டிவிட்டுக் காப்பி அருந்தி, பத்திரிகைத் தலைப்புகளையும் பார்த்துத் திரும்பினாலும் அது கண் விழித்தபாடில்லை. மதிப்பெண் பட்டியல் தயாரிக்க உட்காரும் நாட்களில், பொறுமையைப் பற்றி மாணாக்கர்களுக்கு நாம் செய்த உபதேசங்களெல்லாம் நமக்கே தேவைப்பட்டன.

கடைத்தெருவில் விசாரித்தோம். "இதைத் தள்ளிவிட்டுப் புதிது வாங்குங்கள், சார்" என்றார் கடைக்காரர். அவர் கூறிய தொகையோ, நமது புதல்வியின் கல்லூரிச் சம்பளத்துக்கென்று ஒதுக்கி வைத்திருந்த தொகைக்கு ஏறக்குறையச் சமம். பெட்டியா, படிப்பா என்ற தர்மசங்கடம்! "பெட்டி இல்லாமல் அவள் எப்படிப் படிப்பாள்?" என்று வீட்டில் எழுந்த கேள்வி அதை இரட்டிப்பாக்கியது.

அச்சமயம் நம்மிடம் முன்னாளில் படித்த மாணாக்கர் ஒருவர் வந்து சேர்ந்தார். கம்ப்யூட்டர்களைப் பழுது பார்ப்பது அவர் தொழில். "நோய் எந்த உறுப்பில் என்று பார்க்காமல் ஆளையே மாற்றலாமா, சார்?" என்று சிரித்துக்கொண்டே பெட்டியைத் திறந்தார்.

பிராஸஸருக்கு வேலையே குறைவு. தாமதமெல்லாம் ஹார்ட் டிஸ்கில்தான். நிமிஷத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டில், ஒவ்வொரு துணுக்கையும் தேடிப் பிடிக்க அதற்குச் சுமார் 10 மில்லி செகண்டு ஆகிறது. சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி.க்கோ அதில் நூற்றில் ஒரு பங்கு போதும். முதலில் நமது கோப்புகள் அனைத்துக்கும் நகல் எடுத்தார், பிறகு எஸ்.எஸ்.டி.யைப் பொருத்தி, 4 ஜி.பி. ராமை 8 ஆக்கினார். செலவு, புதிய பெட்டியின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

நிற்க. இதில் ஒரு முள்ளும் உண்டு. விண்டோஸ் 10-க்கு அளித்து வந்த வழக்கமான பாதுகாப்பு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிந்தது. விண்டோஸ் 11-ஐ ஏற்கும் இன்டெல் பிராஸஸர்களோ, பெரும்பாலும் 2017-இல் வெளிவந்த எட்டாம் தலைமுறை முதல்தான். நம்முடையது நான்காம் தலைமுறை. வேகம் வந்துவிட்டது என்பதற்காகக் காவலில்லாத வீட்டில் பாங்கிக் கணக்கைத் திறந்து வைக்கலாமா? ஆகவே, விலையில்லாமல் கிடைக்கும் லினக்ஸ் மின்ட்டை நிறுவினோம். தமிழ்த் தட்டெழுத்துக்குச் சில நாள் தடுமாறியது வாஸ்தவம். இப்போது லிப்ரே ஆபீஸில் நமது பட்டியலும் புதல்வியின் கட்டுரையும் சங்கடமின்றி நடக்கின்றன.

எல்லாப் பழைய பெட்டிக்கும் வைத்தியம் உண்டு என்று நாம் கூறவில்லை. மதர்போர்டே பழுதானாலும், சினிமாப் படத்தொகுப்பு போன்ற கனமான வேலை வந்தாலும் புதிது வாங்குவதே உசிதம். பழைய பெட்டியில் புதுத் தலைமுறைப் பிராஸஸர் வேண்டுமானால் மதர்போர்டை மாற்ற வேண்டும். அதை மாற்றினால், டி.டி.ஆர். 3 ராம் அதில் பொருந்தாது. கடைசியில் மிஞ்சுவது வெளிக்கூடுதான்! ஆதலின், பழையதற்குச் செலவிடும்போது, நாளைக்குப் புதியதிலும் பொருத்தக்கூடிய பொருளுக்கே முதலிடம் தருவது நலம். எஸ்.எஸ்.டி. அத்தகையது.

கல்லூரிச் சம்பளத்தைக் குறித்த நாளில் கட்டிவிட்டோம். புதிய பெட்டி வாங்கும் நாளும் ஒருநாள் வரத்தான் போகிறது. அந்த நாளைக் கடைக்காரர் குறிக்க வேண்டியதில்லை என்பதே நமது அபிப்பிராயம்.